பேசிய நாள், பதிந்த நாள், அச்சான நாள்

கடற்கரைகளில் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம் என்ற சர்ச்சிலின் பேச்சைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய எந்த ஆவணப்படத்திலும் அந்தக் கரகரத்த குரல் வந்துவிடும். 1940 ஜூன் 4ஆம் தேதி பிரிட்டன் மக்கள் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டது இதைத்தான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்டது இதை இல்லை. அன்று சர்ச்சில் பேசியது நாடாளுமன்றத்துக்குள்ளே. அவை நடவடிக்கைகளை ஒலிபரப்பும் வழக்கமோ பதிவுசெய்யும் வழக்கமோ அப்போது கிடையாது. இரவு பிபிசியில் செய்தி வாசிப்பவர் அந்தப் பேச்சின் சில பகுதிகளைப் படித்தார், அவ்வளவுதான். நாம் கேட்கும் குரல் 1949இல் பதிவானது. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, சார்ட்வெல் என்ற தன் வீட்டில், எழுபது வயதைக் கடந்த சர்ச்சில் அதே பேச்சை மறுபடி படித்துக் கொடுத்தார். டெக்கா கம்பெனி அதைப் பன்னிரண்டு எல்.பி. தட்டுகள் கொண்ட தொகுப்பில் சேர்த்துக் கடைக்கு அனுப்பியது 1964இல்.

ஆக, ஒரே பேச்சுக்கு மூன்று தேதிகள். பேசிய நாள் 1940. பதிந்த நாள் 1949. அச்சான நாள் 1964. பழைய வானொலிப் பதிவுகளைச் சேர்க்கிற எவரும் ஒரு தட்டைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது இந்த மூன்றையும்தான். லேபிள் பெரும்பாலும் முதல் தேதியை மட்டும் பெரிய எழுத்தில் போடும். மூன்றாவது தேதி உறையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் உள்ளதை யாரும் எழுதி வைப்பதில்லை. உண்மையான வேலை அதைத் தேடுவதில்தான்.

நான் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாட்டு, வசனம், பின்னணிச் சத்தம் என்று காதாலேயே பிழைத்தேன். ஓய்வுக்குப் பிறகு பேச்சுத் தட்டுகள் பக்கம் திரும்பினேன். பாட்டுத் தட்டுகளைச் சேர்க்க நம் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேச்சுத் தட்டு என்றால் திருவல்லிக்கேணியில் ரெக்கார்டு விற்கும் பாய்கூட ஒதுக்கிப் போட்டுவிடுவார். "பாட்டு இல்ல சார், யாரோ பேசிக்கிட்டே இருக்கான்" என்று ஒரு கட்டை எடுத்து என் பக்கம் தள்ளுவார். அந்தக் கட்டில்தான் சர்ச்சில் தொகுப்பின் ஒற்றைத் தட்டு ஒன்று கிடைத்தது. கீறல் நிறைய. ஆனால் கேட்டதுமே ஒன்று புரிந்தது: இது ஆட்கள் நிறைந்த அவை இல்லை. எதிரொலி இல்லை, இருமல் இல்லை, கைதட்டல் இல்லை, ஆரவாரம் இல்லை. ஒலிவாங்கிக்கு அருகில், அமைதியான அறையில், நிதானமாக ஒருவர் வாசிக்கிறார். அறைக்கும் ஒரு சத்தம் உண்டு என்று சினிமாவில் கற்றுக்கொண்டது இங்கே உதவுகிறது.

இதே சர்ச்சிலைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. நார்மன் ஷெல்லி என்ற வானொலி நடிகர் சர்ச்சிலின் குரலில் அந்தப் பேச்சை வாசித்தார் என்றும், 1940இல் ஒலிபரப்பானது அவர் குரல்தான் என்றும் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஷெல்லி பெயரும் சர்ச்சில் பேச்சு என்ற குறிப்பும் உள்ள ஒரு 78 சுற்றுத் தட்டு பின்னாளில் கிடைத்ததும் கதைக்கு உயிர் வந்துவிட்டது. அந்தத் தட்டின் தேதி 1942 செப்டம்பர். ஷெல்லி சர்ச்சில் பேச்சைப் பதிந்தார் என்பதற்கு அது சாட்சி. 1940 ஜூனில் அவர் குரல் ஒலிபரப்பானது என்பதற்கு அது சாட்சியே ஆகாது. ஒரு தட்டு எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், இப்படிப்பட்ட கதைகளில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பிரெஞ்சுக்காரர்களின் அனுபவம் இதைவிட ஆழமானது. ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த நேரத்தில், ஜெனரல் சார்ல் தெ கோல் லண்டனுக்கு வந்து, 1940 ஜூன் 18 மாலை பிபிசி வழியாகத் தன் நாட்டு மக்களைப் போராட அழைத்தார். பிரான்சில் ஜூன் 18 இன்றும் தேசிய நினைவு நாள். அந்த உரைக்கு ஒலிப்பதிவு கிடையாது. அந்த நேரத்தில் அவர் பலருக்கும் தெரியாத ஒரு படைத்தலைவர்; பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூன் 22 அன்று, அவர் மீண்டும் பேசியபோது பதிவு செய்தார்கள். ஜூன் 18 பேச்சு என்று பல தட்டுகளிலும் படங்களிலும் பல்லாண்டுகளாக ஒலித்து வந்தது அந்த ஜூன் 22 பதிவுதான்.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் தேவையில்லை. பேச்சைக் கவனித்துக் கேட்டாலே போதும். கிடைத்திருக்கும் பதிவில் தெ கோல், போர்நிறுத்தம் கேட்ட பிரெஞ்சு அரசு இப்போது எதிரியின் நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டுவிட்டது என்ற பொருளில் தொடங்குகிறார். ஜூன் 18 அன்று அந்த நிபந்தனைகள் யாருக்கும் தெரியாது. போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன் 22இல். பேசுகிறவர் தன் வாயாலேயே தேதியைச் சொல்லிவிடுகிறார். யுனெஸ்கோ 2005இல் இந்த உரையை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, ஜூன் 18க்குக் கையெழுத்துப் பிரதியையும் ஜூன் 22க்கு ஒலிப்பதிவையும் தனித்தனியாகத்தான் குறிப்பிட்டது. சுவிஸ் ராணுவம் அன்றிரவு வானொலியை ஒட்டுக்கேட்டு ஜெர்மன் மொழியில் எழுதி வைத்த குறிப்பும் இருக்கிறது. முதல் பேச்சின் தொடக்கம் அச்சில் வந்த பாடத்திலிருந்து வேறுபட்டது என்று அதிலிருந்துதான் தெரிகிறது. 2023இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு அந்த உரையைத் தெ கோல் குரலில் உருவாக்கிக் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் நாளைக்கு ஒருவர் இதை ஒரு சீடியில் ஏற்றி, 1940 ஜூன் 18 என்று எழுதி விற்றால், நடுத்தேதி இன்னும் எண்பது வருடம் தள்ளிப் போயிருக்கும். என் கவலை அதுதான்.

அந்தக் காலத்தில் ஏன் எல்லாவற்றையும் பதிந்து வைக்கவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வானொலி என்றாலே நேரடியாகப் பேசுவது, நேரடியாகப் பாடுவது என்பதுதான் அன்றைய பெருமை. அமெரிக்காவின் பெரிய வானொலி வலையமைப்புகளான என்பிசியும் சிபிஎஸ்ஸும் பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதில்லை என்று விதியே வைத்திருந்தன. 1940களின் நடுப்பகுதிவரை அந்த விதி பெரும்பாலும் நீடித்தது. பதிவுகள் செய்தார்கள்தான். அது விளம்பரதாரருக்குக் காட்டவும், வழக்கு வந்தால் ஆதாரமாக வைக்கவும், நிலையத்தின் குறிப்புக்காகவும். மறுபடி மக்களுக்குப் போட்டுக்காட்ட அல்ல.

அந்த விதி உடைந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1937 மே 6 மாலை, நியூ ஜெர்சியில் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் தரையிறங்கும்போது தீப்பிடித்து விழுந்தது. முப்பத்தாறு பேர் இறந்தார்கள். சிகாகோவின் டபிள்யு.எல்.எஸ். நிலையத்திலிருந்து வந்த ஹெர்பர்ட் மாரிசன் என்ற அறிவிப்பாளரும் சார்லஸ் நெல்சன் என்ற ஒலிப்பொறியாளரும், தட்டில் பதிகிற பிரெஸ்டோ கருவியோடு அங்கே நின்றிருந்தார்கள். மாரிசன் அழுகையும் பதற்றமுமாகப் பேசிய அந்தப் பதிவு உலகப் புகழ் பெற்றது. அதை நேரடி ஒலிபரப்பு என்று எழுதாதவர்கள் அரிது. அது நேரடி அல்ல. தட்டுகளைச் சிகாகோவுக்கு எடுத்துக்கொண்டு போய் மறுநாள்தான் ஒலிபரப்பினார்கள். என்பிசி தன் விதியை விலக்கி நாடு முழுவதற்கும் அதைப் போட்டது. எரியும் கப்பலின் படத்தோடு அந்தக் குரல் சேர்ந்து ஓடும் காட்சி இருக்கிறதே, அது பின்னாளில் வெட்டி ஒட்டியது. படம் எடுத்தவர்கள் வேறு, குரல் பதிந்தவர்கள் வேறு.

அந்தத் தட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இரண்டு. கப்பல் வெடித்த அதிர்ச்சியில் பதிவுக் கருவியின் வெட்டும் ஊசி தட்டுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. நெல்சன் சட்டென்று தூக்கிப் பிடித்திராவிட்டால் பதிவு அங்கேயே நின்றிருக்கும். வெடிப்பின் தழும்பு அந்தத் தட்டிலேயே இருக்கிறது. இரண்டாவது, வேகம். நாம் கேட்டுப் பழகிய பதிவில் மாரிசனின் குரல் மெலிந்து, கீச்சென்று இருக்கும். பயத்தில் குரல் அப்படி உயர்ந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மைக்கேல் பீல் என்ற ஒலிப்பதிவு வரலாற்றாசிரியர், மாரிசனின் வேறு பதிவுகளோடு ஒப்பிட்டு, அவர் இயல்பிலேயே கனத்த குரல்காரர் என்று காட்டினார். களத்தில் கருவி சற்று மெதுவாகச் சுழன்றிருக்கிறது. மெதுவாக வெட்டியதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் வேகமாகும், மெலியும். வேகத்தைச் சரிசெய்து கேட்டால் மாரிசன் பதறத்தான் செய்கிறார். ஆனால் அது நிலை தவறிய ஒருவரின் கூச்சல் அல்ல. தன் வேலையை விடாமல் பார்க்கிற ஒரு மனிதரின் துயரம். சில சதவீத வேகப் பிசகு ஒரு மனிதரின் சுபாவத்தையே மாற்றிக் காட்டிவிட்டது.

வேகத்தைச் சரிபார்க்க ஒலிப்பதிவாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். பழைய பதிவுகளில் பின்னணியில் மெல்லிய 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருக்கும். மின்சாரத்தின் ஹம். அமெரிக்காவில் அது நொடிக்கு 60 துடிப்பு. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 50. கணினியில் போட்டுப் பார்த்து, அமெரிக்கப் பதிவு என்று சொல்லப்படுகிற ஒன்றில் ஹம் 62இல் நின்றால் தட்டு வேகமாக ஓடுகிறது என்று பொருள். 60க்குக் கொண்டு வந்தால் குரலும் தன் இடத்துக்கு வந்துவிடும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சிலர் முதல் வேலையாக அந்த ஹம்மை அழித்துவிடுகிறார்கள். ஒரு பதிவின் பிறப்புச் சான்றையே கிழிக்கிற காரியம் அது.

இனி தட்டைப் பற்றி. வானொலி நிலையத்தில் பதிந்த தட்டும் கடைக்கு வந்த தட்டும் ஒரே சாதி அல்ல. கடைத் தட்டு ஆயிரக்கணக்கில் அச்சானது. நிலையத் தட்டு பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி. 1930களின் நடுவிலிருந்து இதற்குப் பயன்பட்டது லாக்கர் தட்டு. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அந்தப் பூச்சில் ஊசி கோடு வெட்டும். அமெரிக்க நிலையங்களில் 16 அங்குல அகலத் தட்டுகள் இருந்தன. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று. ஒரு பக்கம் பதினைந்து நிமிடம். நம் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் அது உட்காரவே உட்காராது. சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். லேபிள் பக்கத்தில் முள்ளை வைக்க வேண்டும். சிலவற்றில் கோடு பக்கவாட்டில் அசையாமல் மேலும் கீழுமாக வெட்டியிருக்கும். சாதாரண முள்ளில் அது முனகத்தான் முனகும்.

லாக்கர் தட்டை அடையாளம் காண நடுவில் பாருங்கள். நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றோ இரண்டோ மூன்றோ துளைகள் இருக்கும். வெட்டும்போது தட்டு வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கான துளைகள் அவை. துளையின் விளிம்பில் கறுப்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். போர்க்காலத்தில் விமானம் கட்ட அலுமினியம் வேண்டியிருந்ததால் கண்ணாடித் தகட்டின் மேல் பூசினார்கள். வெள்ளி நிறம் தெரியாமல், விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் அது கண்ணாடி; இரண்டு கையால் பிடித்து மெத்தையின் மேல் வையுங்கள். போரின் ஆண்டுகளை அந்தக் கண்ணாடியே ஓரளவு சொல்லிவிடும்.

லாக்கரின் மேல் வெண்மையான பூஞ்சை மாதிரி ஒரு படிவு வரும். அது பூஞ்சை அல்ல. பூச்சு விறைக்காமல் இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அது சிதைந்து கொழுப்பு அமிலமாக வெளியே கசிகிறது. கசியக் கசியப் பூச்சு சுருங்கும். தகடு சுருங்காது. ஒருநாள் பூச்சு, பொரிந்த அப்பளம்போல வெடித்து எழும்பி உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்த மேதையாலும் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. ஆகவே வெள்ளைப் படிவு கண்ட தட்டை முதலில் பதிவேற்ற வேண்டும். பழைய 78 சுற்று அரக்குத் தட்டுக்கு வேறு எச்சரிக்கை. அதை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும். முள்ளும் வேறு: 78 தட்டின் கோடு அகலம், எல்.பி.யின் கோடு குறுகல். எல்.பி. முள்ளை 78இல் ஓட்டினால் அது கோட்டின் அடியில் கிடக்கும் குப்பையை வாசிக்குமே தவிரப் பேச்சை வாசிக்காது.

பேச்சுத் தட்டில் பக்கம் முடிகிற இடத்தையும் கவனியுங்கள். 12 அங்குல 78 தட்டில் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. ஒவ்வொரு பக்கமும் அழகாக ஒரு வாக்கியத்தில் முடிந்து, அடுத்த பக்கம் புது வாக்கியத்தில் தொடங்கினால், தட்டுக்காகவே உட்கார்ந்து பேசியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பாதிச் சொல்லில் பக்கம் அறுந்து, அடுத்த தட்டில் அதே சொற்கள் இன்னொரு முறை வந்தால், ஓடிக்கொண்டிருந்த ஒலிபரப்பை இரண்டு கருவிகளில் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். கேட்க எரிச்சலாக இருக்கும் அந்த இரட்டிப்புதான் நமக்கு நல்ல சகுனம்.

இந்தப் பாடம் காந்தியின் குரல் விஷயத்தில் நேராகப் பயன்படுகிறது. பாய் ஒருமுறை துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கொலம்பியா தட்டை எடுத்துக் காட்டினார். "சார், இது காந்தி அமெரிக்காவுக்கு ரேடியோவுல பேசுனது. வாங்குனவரே சொன்னாரு" என்றார். விலையும் அதற்கேற்ற மாதிரி சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் குழப்பம் பெரிய பெரிய புத்தகங்களிலேயே இருக்கிறது.

நடந்தது இது. வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தி 1931 செப்டம்பர் 12 அன்று லண்டன் வந்தார். கிழக்கு லண்டனில், ஏழைத் தொழிலாளிகள் வாழும் பகுதியில், கிங்ஸ்லி ஹால் என்ற சமூக இல்லத்தில் தங்கினார். மறுநாளே அங்கிருந்து அமெரிக்க மக்களுக்கு வானொலியில் பேசினார். ஒலிபரப்பியது கொலம்பியா பிராட்காஸ்டிங் சிஸ்டம், அதாவது சிபிஎஸ். பேசிய பொருள் இந்திய விடுதலைப் போராட்டமும் அகிம்சையும். அடுத்த மாதம், அக்டோபரில், அதே கிங்ஸ்லி ஹாலில் கொலம்பியா கிராமபோன் கம்பெனிக்காக ஒரு தட்டுப் பதிந்தார். அதில் அரசியலே இல்லை. கடவுளைப் பற்றிப் பேசினார். பெரும்பகுதி 1928இல் யங் இந்தியா இதழில் அவரே எழுதியிருந்த கட்டுரை. பேசியவர் ஒருவர், இடம் ஒன்று, இடைவெளி ஒரு மாதம், இரண்டு கம்பெனிக்கும் கொலம்பியா என்ற பெயர். குழம்பாமல் என்ன செய்யும்? ஆனால் தட்டைப் போட்டு அரை நிமிடம் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். கடவுளைப் பற்றி நிதானமாக வாசிக்கிறார் என்றால் அது கிராமபோன் தட்டு. வானொலியில் ஒலித்த பேச்சு அல்ல. பாயிடம் இதைச் சொன்னேன். "அப்ப விலை குறையுமா சார்?" என்று கேட்டார். குறைய வேண்டியதில்லை, காந்தி தட்டுக்காகவே பேசியது என்று எழுதி விற்கலாம், அதுவே பெரிய விஷயம் என்றேன்.

காந்தி ஆங்கிலத்தில் பேசும் இன்னொரு பதிவு 1947 ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டுப் பேச்சு. திறந்த கூட்டத்தின் சத்தம் அதில் இருக்கும். குரலிலும் வயது கூடியிருக்கும். மூன்றாவது, அகில இந்திய வானொலி. காந்தி அந்த நிலையத்துக்குள் காலடி வைத்தது ஒரே ஒருமுறை: 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளைப் பார்க்கப் போக முடியாமல், டெல்லி நிலையத்துக்கு வந்து அவர்களோடு வானொலியில் பேசினார். இந்தியாவில் அந்த நாளைப் பொது ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் பேசியது ஹிந்துஸ்தானியில். ஆகவே காந்தி ஆங்கிலத்தில் பேசும் எந்தப் பதிவையும் அவருடைய அகில இந்திய வானொலி உரை என்று யாராவது தந்தால் மறுத்துவிடலாம்.

நல்ல பெயர் எடுத்த தொகுப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்க ஒலிபரப்பாளர்களான எட்வர்ட் மர்ரோவும் ஃபிரெட் ஃபிரண்ட்லியும் 1948இல் அமெரிக்கக் கொலம்பியா தட்டுக் கம்பெனிக்காக 'ஐ கேன் ஹியர் இட் நவ்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 1933 முதல் 1945 வரையிலான உலகத்தைக் குரல்களாலேயே சொல்லும் அருமையான முயற்சி. பேச்சுத் தட்டுக்குச் சந்தை உண்டு என்று காட்டியதே அதுதான். அதில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தியை ஜான் டேலி அறிவிக்கும் பகுதி, அன்றைய ஒலிபரப்பு அல்ல. பின்னால் மறுபடி வாசித்துப் பதிந்தது. டேலியேதான் வாசித்திருக்கிறார், செய்தியும் உண்மைதான். ஆனாலும் தட்டு அதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களில் அந்தத் துண்டு 1941 டிசம்பர் 7இன் ஒலியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. மர்ரோ மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஒரு வரி எழுதியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

நம் வீடுகளில் தட்டைவிட ஸ்பூல் டேப்பும் கேசட்டும்தான் அதிகம். ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, பேசாமல் இருங்கள் என்று வீட்டையே அடக்கி, பதிந்து வைத்தவர்கள் நம்மவர்கள். மதுரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று எத்தனையோ வீடுகளில் இலங்கை வானொலி இருக்கிறது. இவற்றில் தேதி எழுதியிருக்க மாட்டார்கள். 'நல்ல பாட்டு', 'அப்பாவுக்கு', 'அழிக்காதே' என்று எழுதியிருப்பார்கள். தேதியைப் பதிவுக்குள்ளேதான் தேட வேண்டும்.

அதற்கு நிறையக் கைப்பிடிகள் இருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு நடுவில் பல்பொடி விளம்பரம் வந்தால், முதலில் நினைக்க வேண்டியது இலங்கை. நம் வானொலியில் விளம்பரமே 1967இல்தான் விவித் பாரதி வழியாக நுழைந்தது. விவித் பாரதி பிறந்ததே 1957 அக்டோபரில். அதற்கு முன்னால் சில ஆண்டுகள், கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது, சினிமாப் பாட்டு நம் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அறிவிப்பாளர் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று சொன்னால் 1967 ஜனவரிக்குப் பிறகு. அப்போதுதான் அது கூட்டுத்தாபனம் ஆனது. பிபிசி தமிழோசைப் பதிவில் கிரீன்விச் மணியின் ஆறு 'பீப்' கிடைத்தால், கடைசி பீப்பைக் கேளுங்கள். ஆறும் ஒரே நீளமாக இருந்தால் 1971 முடிவதற்குள். ஆறாவது மட்டும் நீண்டிருந்தால் 1972 முதல். பாட்டு நிகழ்ச்சியின் முடிவில் டேப்பை நிறுத்த மறந்து, செய்தியின் முதல் இரண்டு நிமிடம் ஏறியிருந்தால் அது அதிர்ஷ்டம். எந்த மந்திரி எங்கே போனார் என்பதை வைத்து, அந்த நாளின் நாளிதழில் போய்க் கைவைத்துவிடலாம். சத்தம் ஏறி இறங்கி, குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தால் சிற்றலை. சீராக இருந்தால் பக்கத்து நிலையத்தின் மத்திய அலை.

சென்ற ஆண்டு காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் கேசட் ஒன்றைக் கொடுத்தார்கள். மேலே நீல மையில் 'நேரு இறுதி ஊர்வலம் ரேடியோ' என்று எழுதியிருந்தது. நேரு மறைந்தது 1964 மே 27, ஊர்வலம் மறுநாள். கேசட்டைப் பிலிப்ஸ் கம்பெனி பெர்லினில் முதன்முதலில் காட்டியதே 1963இல். அடுத்த வருடமே அது செட்டிநாட்டு வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. போட்டுக் கேட்டேன். ஆங்கில வர்ணனை, சிற்றலையின் ஏற்ற இறக்கம், தொலைவில் கூட்டத்தின் சத்தம். தொடக்கத்தில் பொத்தான் அழுத்தும் 'டக்' இரண்டு முறை வருகிறது: ஒன்று மழுங்கியது, ஒன்று கூர்மையானது. மழுங்கியது முதல் கருவியின் சத்தம்; கூர்மையானது அதிலிருந்து கேசட்டுக்கு ஏற்றியபோது விழுந்தது. அந்த வீட்டு ஆச்சியிடம், இதற்கு முன்னால் பெரிய சக்கரம் வைத்த டேப் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு தம்பி, மலேயாவுலேர்ந்து எங்க வீட்டுக்காரக கொண்டாந்தது. கெட்டுப்போச்சுன்னு எடைக்குப் போட்டுட்டோம். எங்க பெரியவன் காலேஜ் போறப்ப இந்தச் சின்னதுல ஏத்திக் குடுத்தான்" என்றார். பெரியவன் கல்லூரியில் சேர்ந்தது 1981.

கேசட்டை வெளுக்காமல், ஹம்மை நீக்காமல், இரண்டு 'டக்'கையும் வெட்டாமல் அப்படியே கணினியில் ஏற்றினேன். உறைக்குள் ஒரு சீட்டு வைத்தேன்: ஒலிபரப்பான நாள் 28.5.1964. பதிந்தது அதே நாள், ஸ்பூலில், வீட்டு வானொலியிலிருந்து. ஸ்பூல் இப்போது இல்லை. கேசட்டுக்கு ஏறியது 1981 அளவில். ஆச்சி அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, அவர் கணவர் பெயரையும் அதில் எழுதச் சொன்னார். 'பதிந்தவர்' என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அதுவரை என் சீட்டுகளில் அந்த வரி இருந்ததில்லை. இப்போது எல்லாவற்றிலும் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.